எங்கே நம்ம காகம்?

என் கணவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காது அன்றைய மனநிலையைப் பொறுத்தது. தண்ணீர் வாரியத்தில் பம்ப் ஓட்டியவர். அந்த இரைச்சலிலேயே நின்று நின்று வாங்கிய வரம். அப்படிப்பட்ட மனிதர் ஓய்வுபெற்ற பிறகு இணையத்தில் சேர்ந்த வகுப்பு எது தெரியுமா? பறவைகளின் குரலைக் கேட்டு அடையாளம் சொல்வது. "காது கேக்காதவருக்கு இது எதுக்கு?" என்று கேட்டேன். "கேக்குறவங்க எல்லாம் கேட்டு என்னத்தைக் கிழிச்சாங்க?" என்றார். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

அறுபது தாண்டியவர்களுக்காகவே நடக்கும் வகுப்பு அது. புதன்கிழமைதோறும் காலையில். டீச்சர் வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெண்மணி. அவர் போட்ட விதிகள் கொஞ்சம் விசித்திரமானவை. எல்லோரும் சொந்தப் பெயரை விட்டுவிட்டு ஒரு பறவையின் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும். வகுப்பு தொடங்கியதும் கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். குரல் ஓடி முடிந்ததும் விடையைத் தட்ட வேண்டும். ஆகவே திரையில் முகமே கிடையாது. கறுப்புக் கட்டங்களும் அவற்றின் அடியில் மைனா, புறா, மீன்கொத்தி, ஆந்தை என்ற பெயர்களும்தான்.

என் கணவர் காகம். அவருக்குச் சந்தேகமில்லாமல் கேட்கும் பறவை அது ஒன்றுதான். எந்தக் குரலைப் போட்டாலும் முதல் ஆளாகக் "காகம்" என்று தட்டிவிடுவார். மரங்கொத்தியா, காகம். குயிலா, காகம். டீச்சர் விழுந்து விழுந்து சிரிப்பார். நாளடைவில் அவர் தட்டாமல் வகுப்பு நகராது என்ற நிலை வந்துவிட்டது. ஒரு நிமிடம் தாமதமானால் போதும், ஆந்தை எழுதிவிடுவார்: "எங்கே நம்ம காகம்?" அந்த ஆந்தை லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஒரு குரலைக்கூடத் தவறாகச் சொன்னதில்லை. இருவரும் வகுப்பு முடிந்ததும் தனியாகப் பேசிக்கொள்வார்கள். இரண்டு கிழவர்களுக்கு அப்படி என்ன ரகசியம் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்று டாக்டர் சொன்னபோது அவர் பயப்படவில்லை. "பம்ப் நல்லா இருக்கு, வால்வுதான் லீக். மாத்திட்டா ஓடும்," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். ஒரு மாதம் லீவு என்று வகுப்பில் எழுதிவிட்டுப் போனார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டரே வந்து சொன்னார். மூன்றாம் நாள் காலையில் லேசாகக் காய்ச்சல் அடித்தது. சாயங்காலம் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மறுநாள் என்னை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள், அவர் இல்லாமல்.

வகுப்பில் அவருடைய செய்தியைச் சொல்ல வேண்டுமே என்றுதான் ஒரு புதன்கிழமை டேப்லெட்டைத் திறந்தேன். சத்தியமாக அதற்காகத்தான். 'இவர் இறந்துவிட்டார்' என்று தட்டினேன். முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. அழித்துவிட்டுக் 'காலமானார்' என்று தட்டினேன். அவரே சிரிப்பார் என்று தோன்றியது. அதையும் அழித்தேன். அதற்குள் டீச்சரின் குரல்: "அட, காகம் வந்துட்டாரே!" கட்டம் கட்டமாகக் கைதட்டல் பொம்மைகள் குதித்தன. என்னமோ ஒரு பறவையின் குரல் ஓடியது. முடிந்ததும் ஆந்தை எழுதினார்: "எங்கே நம்ம காகம்? இது என்ன பறவை?"

நான் பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வுபெற்றவள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் கேள்வி கேட்டுவிட்டால் என்னால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. எரிந்து விழுந்தாவது சொல்லிவிடுவேன். கை தானாகப் போய்க் 'காகம்' என்று தட்டிவிட்டது. எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் போனபின் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. டேப்லெட்டை மூடிவிட்டு அழுதேன்.

அன்று மதியம் டேப்லெட்டில் ஆந்தையிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. மூச்சு வாங்கப் பேசினார்.

"காகம் சார், உங்களைப் பார்த்ததும்தான் எனக்கு உயிரே வந்துச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே வால்வு, ஒரே ஆபரேஷன். நான் முதல்ல போய்ட்டு வர்றேன், திரும்பி வந்தா நீங்க தைரியமா போங்கன்னு சொன்னீங்க பாருங்க. சொன்ன மாதிரியே வந்துட்டீங்க. நானும் தேதி வாங்கிட்டேன். திங்கட்கிழமை. என் வீட்டுக்காரி ஒரு வருஷமா கெஞ்சியும் நான் அசையல. உங்க ஒரு காகம்தான் அசைச்சுது."

மாடியிலிருந்த தங்கையைக் கூப்பிட்டேன். அவள் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். யார் வீட்டில் யார் இருமினாலும் எட்டிப் பார்ப்பாள். செய்தியைக் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"போனவர் பேர்ல நீ தட்டினியா? உனக்குப் புத்தி கித்தி இருக்கா அக்கா?"

"கேட்டாங்க, சொல்லிட்டேன்."

"இது என்ன பஸ் ஸ்டாண்டா?"

"திட்டுறதை அப்புறம் வச்சுக்க. இப்போ என்ன பண்றது?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோபம் போய் நர்ஸ் முகம் வந்துவிட்டது. "வால்வு ரிப்பேர்னா ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும். பண்ணாம விட்டா அதுவும் ஆபத்து. மாமாவுக்கு ஆனது எல்லாருக்கும் ஆகாது. நீ இப்போ உண்மையைச் சொன்னா அந்த மனுஷன் பயந்து வேண்டாம்னு எழுந்து வந்துடுவார். சும்மா இரு. அவர் நல்லபடியா வீட்டுக்கு வரட்டும், அப்புறம் கால்ல விழு."

"வரலைன்னா?"

அவள் எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் கொண்டுபோய்ப் போட்டாள்.

இரண்டு நாள் நான் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். அவருடைய செருப்பு வாசலில் அப்படியே இருந்தது. மூக்குக்கண்ணாடி டேப்லெட் பக்கத்திலேயே இருந்தது. இத்தனை தைரியமாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போன மனிதர் மீது எனக்கு ஆத்திரம் வந்தது. இவர் யார், ஊருக்கெல்லாம் முன்னால் போய் வழி பார்த்துச் சொல்ல? அடுத்த நிமிடமே அந்த ஆத்திரம் என் மீதே திரும்பியது. அவர் சொன்ன சொல் தவறிப் போனது. திரும்பி வராதவரை வந்துவிட்டதாகக் காட்டியது நான். ஒருவர் தன் உயிரை என் விரலை நம்பி ஒப்படைக்கிறார், அதுவும் தெரியாமல். இதை விழுங்கிக்கொண்டு என்னால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அதே டேப்லெட்டில் ஆந்தையை அழைத்தேன். உற்சாகமாக எடுத்தார்.

"சொல்லுங்க காகம் சார்!"

"நான் அவரோட மனைவி."

"அப்படியா! வணக்கம்மா. சார் இல்லையா?"

"இல்லைங்க." அந்தச் சொல்லே போதுமே என்று நினைத்தேன். போதவில்லை. "அவர் ஆபரேஷன் முடிஞ்ச மூணாம் நாள் காய்ச்சல் வந்து போயிட்டார். புதன்கிழமை தட்டினது நான்."

மறுமுனையில் எங்கோ குக்கர் விசில் அடித்தது. யாரோ ஒரு பெண் "யாரு போன்ல?" என்று கேட்டார்.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?" என்றார் ஆந்தை.

"தெரியல. எங்கே காகம்னு கேட்டீங்க. பதில் சொல்லிட்டேன்."

"நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம். நான் நிம்மதியாப் போயிருப்பேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நிம்மதியாப் போறதுக்கா ஆபரேஷன் பண்றாங்க? திரும்பி வர்றதுக்குத்தானே?"

"இப்போ நான் என்னதான் பண்றது? போகவா, வேண்டாமா?"

"என்கிட்ட கேட்டா? டாக்டர்கிட்ட கேளுங்க, வீட்டுக்காரங்ககிட்ட கேளுங்க. செத்தவர்கிட்ட கேக்காதீங்க."

போன் வைக்கப்பட்டது. பிறகு நான் எத்தனை முறை அழைத்தும் எடுக்கவில்லை. அவருடைய சொந்தப் பெயர்கூட எனக்குத் தெரியாது. எந்த மருத்துவமனை என்றும் தெரியாது. திங்கட்கிழமை வந்தது, போனது. நான் சொன்னதால் அவர் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருந்தால் அந்தப் பாவம் என்னைச் சேரும். தள்ளிப்போடாமல் ஏதாவது ஆகியிருந்தால் அதுவும் என்னைத்தான் சேரும்.

புதன்கிழமை வகுப்புக்குத் தங்கையும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கட்டங்களில் ஆந்தை என்ற பெயரைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. அப்படியென்றால் அவர் போகவில்லை, வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். டீச்சர் ஒரு குரலை ஓடவிட்டார். எனக்கே தெரிந்தது, மரங்கொத்தி. டக் டக் என்று மரத்தைத் தட்டும் சத்தத்தைச் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

ஆந்தை தட்டினார்: "காகம்."

கட்டம் கட்டமாகச் சிரிப்புப் பொம்மைகள் குதித்தன. ஒரு குரலைக்கூடத் தவறவிடாத மனிதர். காகம் இல்லை என்று தெரிந்த மனிதர். அவர் இப்படி விளையாடமாட்டார். பறவை ஒன்றும் தெரியாத ஒருவர், தெரிந்த ஒரே சொல்லைத் தட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானே தட்டியிருக்கிறேனே.

மைக்கைத் திறந்தேன். "ஆந்தை, கேமராவைப் போடுங்க."

"காகம் சார்...? இது யார் குரல்?" என்றார் டீச்சர்.

நான் முதலில் என் கேமராவைப் போட்டேன். "நான் காகத்தோட மனைவி. அவர் ஆபரேஷன் முடிஞ்சு இறந்துட்டார். போன வாரம் தட்டினது நான்தான். என்னை அப்புறம் திட்டிக்குங்க. ஆந்தை, உங்க முகத்தைக் காட்டுங்க."

ஆந்தையின் கட்டம் வெளிச்சமானது. என் வயது இருக்கும், ஒரு பெண். தலை வாரவில்லை. பின்னால் வெள்ளைச் சுவர், வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். எந்த மருத்துவமனை வராந்தாவும் அப்படித்தான் இருக்கும்.

"அவர் எங்கே?" என்றேன்.

"பயப்படாதீங்க அக்கா. எங்க வீட்டுக்காரர் உள்ளே இருக்கார். திங்கட்கிழமை ஆபரேஷன் ஆச்சு. நேத்து என்கூடப் பேசினார்."

"பின்னே நீங்க ஏன்..."

"அவர்தான் சொன்னார். புதன்கிழமை என் பேர் வரலைன்னா அந்தம்மா தன்னாலதான்னு உருகிப் போயிடுவாங்க, நீ வகுப்புக்குள்ளே போய் ஒரு காகம் போட்டுட்டு வான்னு. எனக்குப் பறவை எல்லாம் தெரியாது." அந்தப் பெண் லேசாகச் சிரித்தார். "நீங்க உண்மையைச் சொன்னதாலதான் போனாராம். காகம் சார் பயப்படாமப் போனார், நான் பயந்துக்கிட்டாவது போறேன்னார்."

தங்கை என் கையைப் பிடித்து அழுத்தினாள். நானும் சிரித்திருக்க வேண்டும். ஆனால் நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். திங்கள், செவ்வாய், புதன்.

"காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றது. "காலையிலேருந்து லேசா. சகஜம்தான்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா? டாக்டரா?"

"டாக்டர் இன்னும் வரலை. அங்கே இருந்த பொண்ணு..."

தங்கை எனக்கு முன்னால் திரைக்குள் வந்துவிட்டாள். "டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்க. இப்பவே. ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க."

"எழுந்திரிங்க!" என்று நான் கத்தினேன். கவுண்டரில் பேருந்து கிளம்பிவிட்டது என்று கத்துகிற அதே குரல். "லேசாதான்னு எங்களுக்கும் சொன்னாங்க. உள்ளே போங்க. யார் தடுத்தாலும் நிக்காதீங்க. மூணாம் நாள் காய்ச்சல்னு சொல்லுங்க!"

அவர் எழுந்து ஓடினார். போனை அணைக்க மறந்துவிட்டார். திரையில் கூரை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. செருப்புச் சத்தம், கதவு திறக்கும் சத்தம், "அம்மா, உள்ளே வரக்கூடாது" என்று யாரோ சொல்லும் சத்தம், "மூணாம் நாள் காய்ச்சல், டாக்டரைக் கூப்பிடுங்க" என்று அவர் சொல்லும் சத்தம். திரும்பத் திரும்ப அதையே சொன்னார், ஒவ்வொரு முறையும் இன்னும் உரக்க.

மைனாவின் கட்டம் வெளிச்சமானது. பிறகு புறா. பிறகு மீன்கொத்தி. இத்தனை மாதமாகப் பார்க்காத வயதான முகங்கள், ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்துகொண்டு திரைக்கு அருகில் வந்தார்கள். டீச்சர் அடுத்த குரலைப் போடவில்லை. ஆந்தையின் கட்டத்தில் கூரை மட்டும் தெரிந்தது. அதற்கு அப்பால் ஓர் ஆணின் குரல், "எப்போலேருந்து காய்ச்சல்?" என்று கேட்டது. காலடிகள் வேகமெடுத்தன. அதற்குப் பிறகு என்ன பேசினார்கள் என்று புரியவில்லை. நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தோம்.