நாற்காலி கிடைக்காதவர்கள்

ஊர்த் தலைவராக இருப்பதற்கு அவருக்கு இருந்த ஒரே தகுதி, அவருடைய அப்பாவும் தலைவராக இருந்ததுதான். அதை வைத்துக்கொண்டே இருபது வருஷமாக எல்லாருக்கும் நல்லது கெட்டதை அவரே தீர்மானித்துவந்தார். கூட்டம் நடக்கும் கூடத்தில் முப்பது நாற்காலி, முப்பதிலும் ஆண்கள். பெண்கள் பின்சுவரை ஒட்டி நிற்பார்கள். தலைவர் பேசி முடித்ததும் நாற்காலிக்காரர்கள் மண்டையை ஆட்டுவார்கள். கூட்டம் கலையும்.

அன்றைக்குப் பேச்சு, கால்வாய்க்கு இரும்புப் பாலம் எங்கே போடுவது என்பது. மூன்றே மாதத்தில் போட்டு முடித்துவிடுவார்களாம். பள்ளிக்கூடத் தெரு வேண்டாம், தன்னுடைய செங்கல் சூளைக்கு எதிரே போடலாம் என்றார் தலைவர். எல்லாம் பொதுநலம்தான்!

சுவரோரம் நின்ற தையல்காரிக்கு வயிறு எரிந்தது. அவள் மகளுக்கு இது மூன்றாம் மாதம். போன தடவை ஆஸ்பத்திரிக்குச் சுற்றிக்கொண்டு போகும் வழியிலேயே பிள்ளையைப் பறிகொடுத்தவள். பள்ளிக்கூடத் தெருவில் பாலம் வந்தால் பத்தே நிமிஷம். சூளைப் பக்கம் என்றால் பழையபடி ஒரு மணி நேரம்.

கூட்டத்துக்கு வந்திருந்த அதிகாரி புதுசு. படிவத்தில் உள்ளதை மட்டும் செய்கிற ரகம்.

"சூளைப் பக்கம் வேணாங்கிறவங்க எழுந்து நில்லுங்க" என்றார்.

ஒரு நாற்காலியும் அசையவில்லை. தலைவர் மீசையைத் தடவிக்கொண்டார். அதிகாரி பேனாவை நீட்டி நீட்டிப் பின்சுவர்வரை எண்ணினார்.

"எதிர்ப்பு நாப்பத்தொண்ணு. ஆதரவு முப்பது. அப்போ பள்ளிக்கூடத் தெருதான்."

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. "சார், அவங்க சும்மா நிக்கிறாங்க!"

"சும்மாவா? எதுக்கு?"

இதை அங்கே இதுவரை யாரும் கேட்டதில்லை. தலைவர் பின்சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"எதிர்ப்பு இல்லேன்னா உட்காரச் சொல்லுங்க."

தலைவர் கண்ணைக் காட்டியதும் எட்டுப் பேர் இடம் கொடுக்கத் துள்ளி எழுந்தார்கள்.

"நாப்பத்தொம்பது" என்றார் அதிகாரி.

"யோவ், உட்காருங்கய்யா!" என்று தலைவர் அலறினார். ஏழு பேர் பொத்தென்று உட்கார்ந்தார்கள். எட்டாவது ஆள் தையல்காரியின் அண்ணன். அவன் அதற்குள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தங்கையிடம் வந்துவிட்டான்.

"உட்காரும்மா தங்கச்சி."

இத்தனை வருஷத்தில் அவன் அவளை உட்காரச் சொல்வது இதுதான் முதல் தடவை. காலையிலிருந்து தையல் மெஷினை மிதித்த முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. உட்கார்ந்துவிடத்தான் ஆசை. அவள் நகரவில்லை. மற்ற பெண்களும் அவளையே பார்த்தபடி அப்படியே நின்றார்கள்.

"வேணாம்ண்ணே, எனக்கு நின்னே பழகிடுச்சு."

அண்ணன் நாற்காலியும் கையுமாக விழித்துக்கொண்டு நின்றான். அதிகாரி அவனையும் சேர்த்து நாற்பத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.