நாற்பத்தெட்டு விரற்கடை

கட்சிக்காரர் ஒருவரைக் காப்பாற்ற மனித குலம் இதுவரை கண்டுபிடித்த கருவிகளிலேயே தலைசிறந்தது தன்னுடைய குரல்தான் என்று எலிகெம் டோட்ஸே சொல்லிவந்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நண்டுக் கட்சியின் தொகுதிச் செய்தித் தொடர்பாளர் பதவிக்கு மனுப் போட்டபோது, தகுதி என்ற கட்டத்தில் படிப்பை எழுதாமல் இதைத்தான் எழுதினார். கட்சியும் படித்துப் பார்த்து முத்திரை குத்தியது. அவரிடம் மூன்று கைபேசிகள் இருந்தன. வொக்லோட்சி வானொலியின் காலை நிகழ்ச்சிக்கு வரும் முதல் அழைப்பு அவருடையது, கடைசி அழைப்பும் அவருடையது. நடுவில் தொண்டையைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு ஏழைத் தாயாகவும் பேசுவார். அந்தத் தாய்க்கு ஊரில் நல்ல மரியாதை இருந்தது. ஒருமுறை அவளைக் கிளைத் தலைவியாக்கக்கூடப் பேச்சு எழுந்தது.

வொக்லோட்சியில் ஒருவரைப் பற்றி வானொலியில் பொய் சொன்னால், அவர் எங்கே நிற்கிறாரோ அங்கேயே ஒரு விரற்கடை மண்ணுக்குள் இறங்கிவிடுவார். காயலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கயிறு மாதிரிக் கிடக்கும் மணல்திட்டு இது; வானொலி நிலையம் வருவதற்கு முன்பு இப்படி ஏதும் நடந்ததாகக் குறிப்பில்லை. இறங்கினால் வலிக்காது. நடந்தால் அந்த ஆழமும் கூடவே நடக்கும், முழங்கால் தண்ணீரில் போவதுபோல் மண்ணைப் பிளந்துகொண்டு போக வேண்டும். சிமெண்டுத் தரையும் இதற்கு விலக்கல்ல என்பது வங்கியின் பணம் கட்டும் இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடுத்த மழைக்காலம் வந்து நனைந்தால் மண் மறந்துவிடும், ஆள் மேலே வந்துவிடுவார். தலைநகரிலிருந்து இதை ஆராய ஒரு நிலவியல் அதிகாரி வந்தார். அவர் கள்ளக் கடத்தல்காரர் என்று மறுநாள் காலை வானொலியில் யாரோ மூன்று முறை சொன்னார்கள். அவர், மண் இயல்பாகவே இருக்கிறது என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்று விரற்கடை ஆழத்திலேயே நடந்து பேருந்து ஏறினார். காலணிகள் இன்னும் இங்கேதான் இருக்கின்றன.

அந்த ஆண்டுத் தேர்தலுக்கு நண்டுக் கட்சி கஃபூயி அக்லியை வேட்பாளராக நிறுத்தியது. கஃபூயி கட்சியின் மகளிர் அமைப்பாளர்; மணலில் பாத்தி கட்டிச் சின்ன வெங்காயம் போடுகிறவள். சிரித்தால் காயலின் அக்கரையில் கேட்கும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வேட்பாளர் தன் காலால் நடந்து தேர்தல் அலுவலகத்துக்குப் போய் மனுவைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். தூக்கிக்கொண்டு வரப்பட்ட வேட்பாளர்களின் மனுக்கள் இதற்கு முன் இரண்டு தடவை தள்ளுபடியாகியிருந்தன. அவள் போகாவிட்டால் துடுப்புக் கட்சி போட்டியில்லாமல் ஜெயித்துவிடும். வானத்தில் மேகம் ஒன்றுகூட இல்லை. மழைக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்குத் துடுப்புக் கட்சியின் செனியோ வானொலியை அழைத்து, கஃபூயி மருத்துவமனையின் ஜெனரேட்டரை விற்று பக்கத்து நாட்டில் ஒரு பேருந்து வாங்கி ஓட்டுகிறாள் என்றார். இரண்டு கையிலும் தண்ணீர்க் குடுவையோடு வெங்காயப் பாத்தியில் நின்ற கஃபூயி இரண்டு விரற்கடை இறங்கினாள். ஜெனரேட்டருக்கு ஒன்று, பேருந்துக்கு ஒன்று. அது பெரிய விஷயமில்லை, அந்த ஆழத்தில் ஊரில் பாதிப்பேர் இருந்தார்கள். ஆனால் நண்டுக் கட்சிக்காரர்கள் தங்கள் ஆளை விட்டுக்கொடுக்கிறவர்கள் இல்லை. எலிகெம் உடனே அழைத்து, கஃபூயி ஜெனரேட்டரை விற்கவில்லை, பேருந்தும் வாங்கவில்லை என்று முழங்கினார். மண்ணுக்கு ‘இல்லை’ என்பது காதில் ஏறுவதில்லை. ஜெனரேட்டர், பேருந்து என்பது மட்டும் ஏறியது. அவள் இன்னும் இரண்டு இறங்கினாள். எலிகெமைத் தொடர்ந்து பொருளாளர், துணைப் பொருளாளர், இளைஞர் அணி, மீனவர் அணி என்று வரிசையாக எல்லோரும் ஆளுக்கொரு முறை அழைத்து, ஜெனரேட்டரையும் பேருந்தையும் மறுத்தார்கள். உப்பளத்துத் தாய் அழுதுகொண்டே மறுத்தாள். நிகழ்ச்சி முடிந்தபோது கஃபூயி இடுப்பு வரை மண்ணுக்குள் இருந்தாள். அளந்து பார்த்ததில் நாற்பத்தெட்டு விரற்கடை. அதில் எதிர்க்கட்சியின் பங்கு இரண்டு.

படகுத் தச்சர் குவாமி டெக்கு அந்தப் பக்கமாக வந்தது அனுதாபத்தால் அல்ல. போன வருடக் கட்சி மாநாட்டில் கஃபூயி தன் மீன் வறுவலை எடுத்துத் தின்றுவிட்டாள் என்று அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தவர் அவர். இருந்தாலும் ஒரே கட்சி. வெயில் ஏறுகிறதே என்று ஒரு குடையை எடுத்து வந்து, மூஞ்சியை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, அவள் தலைக்கு மேலே பிடித்தபடி பக்கத்தில் நின்றார். நின்றதும் காலுக்கடியில் மண் நகர்ந்தது.

“ஐயோ, நான் இறங்குறேன்!”

“கத்தாதீங்கண்ணே. நான் ஏறுறேன், பாருங்க.”

இருவரும் முழங்கால் ஆழத்தில் போய் நின்றார்கள். ஆளுக்கு இருபத்துநான்கு. குவாமி விரலால் தன் காலை அளந்தார், அவள் காலையும் அளந்தார், மறுபடி தன் காலை அளந்தார். பிறகு, பேச்சு நிறுத்தியதை மறந்துபோய், “ஏம்மா, இன்னும் ரெண்டு பேரக் கூப்பிட்டா பன்னெண்டுதானே ஆகும்?” என்றார். பிறகு ஞாபகம் வந்து, “மீன் விஷயம் அப்படியேதான் இருக்கு” என்றும் சேர்த்துக்கொண்டார்.

மதியத்துக்குள் பதினாறு பேர் வந்துவிட்டார்கள், மறுநாள் அறுபத்துநான்கு. பக்கத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் கொஞ்சம் இறங்க, கஃபூயி கொஞ்சம் ஏறினாள். கடைசியில் ஆளுக்கு முக்கால் விரற்கடைதான் மிச்சம். ஈர மணலில் நிற்கிற மாதிரி இருந்தது, அவ்வளவே. ஒருவர் வீட்டுக்குப் போனால் மற்றவர்கள் மயிரிழை இறங்குவார்கள் என்பதால் யாரும் போகவில்லை. பாத்திக்கு நடுவிலேயே அடுப்பு மூட்டி, அக்ப்லே களி கிண்டி, வெண்டைக்காய் போட்ட மீன் குழம்பு வைத்தார்கள். அறுபத்துநான்கு பேரின் வேலைகளும் அங்கே வந்து சேர்ந்தன: ஒருவர் வலை பின்னினார், ஒருத்தி தலை பின்னினாள், பொருளாளர் தன் மாமியாரோடு இருந்த ஏழு வருடச் சண்டையை முடித்துக்கொண்டார். கஃபூயியின் சிரிப்பைக் கேட்டு அக்கரையிலிருந்து ஒருவர் என்ன விஷயம் என்று பார்க்கத் துடுப்புப் போட்டு வந்து, களி தின்றுவிட்டுத் திரும்பிப் போனார். அந்த மூன்று நாட்களில் வெங்காயம் மிதிபட்டு அழிந்ததே தவிர வேறு துன்பம் ஏதும் இல்லை.

எலிகெம் புதன்கிழமை ஸ்கூட்டரில் வந்து பார்த்தார். இறங்கவில்லை, ஸ்கூட்டரிலிருந்தும் சரி, மண்ணிலும் சரி.

“என்னக்கா இது, ஆட்டு மந்தையாட்டம்? நிக்கிறதுக்கு ஊருல மின்கம்பம் இருக்கு. பேசுறதுக்குத்தான் ஆளில்ல. அதுக்கு நான் இருக்கேன்.”

“தம்பி, நீ பேசினா நாங்க இறங்குறோம்ப்பா,” என்றாள் கஃபூயி.

“ஒழுங்காப் பேசாததால இறங்குறீங்க. வெள்ளிக்கிழம நானே நேரா நிலையத்துக்குப் போய் முழுசாப் பேசுறேன். பதினோரு வானொலி அஞ்சல் பண்ணுது. கேட்டுட்டுச் சொல்லுங்க.”

“பக்கத்துல ஒரு நிமிஷம் வந்து நின்னுட்டுப் போயேன்டா!” என்று குவாமி கூப்பிட்டார்.

“என் செருப்பு புதுசுண்ணே,” என்று சொல்லிவிட்டு எலிகெம் வண்டியைக் கிளப்பினார்.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு அறுபத்துநான்கு பேரும் ஒட்டி நின்றபடியே நகரத் தொடங்கினார்கள். அலுவலகம் ஒன்றரை மைல். முன்னால் நண்டுப் படம் போட்ட துணியைத் தோளில் கட்டிய கஃபூயி, கையில் மனு, பக்கத்தில் குடையோடு குவாமி. முக்கால் விரற்கடை ஆழத்தில் மணலில் கோடு இழுத்துக்கொண்டு, பாட்டுப் பாடி, பாதித் தூரம் போய்விட்டார்கள். அப்போது எலிகெம் நிலையத்தில் வாயைத் திறந்தார். குளிரூட்டிய அறை, முன்னால் ஒலிவாங்கி, மேசையில் மூன்று கைபேசிகள். ஜெனரேட்டரின் வரலாற்றிலிருந்து தொடங்கினார். அதன் குதிரைத்திறன் என்ன, அதைக் கஃபூயி ஏன் விற்றிருக்க முடியாது, விற்றிருந்தால் என்ன விலைக்குப் போயிருக்கும், அந்த விலைக்கு எந்தப் பேருந்து வரும், அதற்கு எத்தனை இருக்கை என்று நுணுக்கமாக எடுத்துவைத்தார். நாற்பது நிமிடத்தில் ஜெனரேட்டரையும் பேருந்தையும் சேர்த்து நூற்று நாற்பது முறை மறுத்தார். பதினோரு வானொலிகளும் அதைப் பதினொரு மடங்காக்கின. தேவாலயத்துக்கு முன்னால் ஊர்வலம் மொத்தமும் முழங்கால் வரை இறங்கி நின்றுபோனது. வயதானவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். பாட்டு நின்றது. மணி நான்கு அடிக்கப் பத்து நிமிடம். அலுவலகத்தின் தகரக் கூரை கண்ணுக்குத் தெரிந்தது.

கட்சிக்காரர்கள் மாறி மாறி எலிகெமின் கைபேசிகளை அழைத்தார்கள். மூன்றும் அதிர்வதைப் பார்த்த எலிகெம், பாராட்டுகள் குவிகின்றன என்று நேயர்களுக்குத் தெரிவித்தார். கடைசியில் கஃபூயி நிகழ்ச்சியின் பொது எண்ணுக்கே அழைத்தாள். பதினோரு வானொலியும் அதை அஞ்சல் செய்தன.

“எலிகெம், நான் கஃபூயி அக்கா பேசுறேன்.”

“அக்கா! கேக்கறீங்கல்ல? உங்களத்தான் காப்பாத்திக்கிட்டிருக்கேன்.”

“தெரியும்ப்பா. கொஞ்ச நேரம் காப்பாத்தாம இரு.”

“அக்கா, இன்னும் டயர் விஷயத்துக்கே வரல…”

“முழங்கால் வரைக்கும் இருக்கோம், தம்பி. பொருளாளரோட மாமியார் அழுறாங்க. இதுக்கு மேல நீ பேசினா, நான் மனுவ இந்தத் தேவாலய வாசல்லயே புதைச்சுட்டுப் போக வேண்டியதுதான்.”

அதன் பிறகு வானொலியில் ஒன்றும் கேட்கவில்லை. அறிவிப்பாளர் பழுது என்று நினைத்துக் கம்பியை ஆட்டிப் பார்த்தார். எலிகெம் டோட்ஸே வாயை மூடியது நிலையத்தின் வரலாற்றில் முதல் தடவை என்பதால், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒன்றரை நிமிடம் கழித்து அவர் குரல் வந்தது. வழக்கமான முழக்கம் இல்லை. பக்கத்து வீட்டில் உப்புக் கேட்பதுபோல் இருந்தது.

“தேவாலயத்துக்கு முன்னால நிக்கிறாங்க. ஆள் பத்தல.”

அவ்வளவுதான். நாற்காலி நகரும் சத்தமும், கதவு சாத்தும் சத்தமும் கேட்டன. அந்த இரண்டு வாக்கியங்களும் உண்மையாக இருந்ததால் யாரும் இறங்கவில்லை.

பதினோரு வானொலிகள் எட்டும் தூரத்தில் நண்டுக் கட்சிக்காரர்கள் எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பது அன்றுதான் கட்சிக்கே தெரிந்தது. உப்பளக் கிளை காலில் உப்போடு வந்தது. மீனவர் கிளை வலையைக் கடலிலேயே விட்டுவிட்டு வந்தது. ஒரு கல்யாண வீட்டிலிருந்து மாப்பிள்ளையும் பாதிப் பந்தியும் வந்தார்கள். மறுபாதி துடுப்புக் கட்சி, ஆனால் அவர்கள் தங்கள் பங்குக்கு மேளத்தை இரவல் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் வந்து நிற்க நிற்க, முழங்கால் ஆடுசதையானது, ஆடுசதை கணுக்காலானது. எண்ணூறு பேர் சேர்ந்தபோது ஆளுக்கு இரண்டு விரற்கடை. மேளம் அக்பாஜா அடித்தது. முதுகை வளைத்து, முழங்கையைச் சிறகு மாதிரி அசைத்து ஆடும் அந்த ஆட்டம், மணலிலிருந்து காலை உருவி எடுத்து வைப்பதற்கென்றே யாரோ கண்டுபிடித்தது போலிருந்தது. எண்ணூறு பேரும் ஆடிக்கொண்டே போனார்கள்.

அலுவலகத்தில் வேட்பாளரோடு ஐந்து பேர்தான் உள்ளே வரலாம். ஐந்து பேரோடு உள்ளே போனால் அத்தனையும் ஆறு தலையில் விழும். ஆறு பேரும் தரைக்குக் கீழே போய்விடுவார்கள். தேர்தல் அதிகாரி அசாரே ஜன்னல் வழியாக எண்ணூறு பேரைப் பார்த்தார், பிறகு போன மாதம்தான் பதித்த தரை ஓடுகளைப் பார்த்தார். விதிப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார்.

“மேசை எங்க இருக்கணும்னு இதுல ஒண்ணும் போடல,” என்று சொல்லி, தன் மேசையைத் தானே தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். மனு நான்கு ஐம்பத்தொன்றுக்குப் பதிவானது. கஃபூயி சிரித்தாள். அக்கரையில் கேட்டது.

அவள் ஜெயித்தாள். இரண்டாயிரத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசம். மழை வந்தது, மண் மறந்தது, எண்ணூறு பேரும் மேலே வந்தார்கள். மிதிபட்ட பாத்தியில் மறு வருடம் வெங்காயம் நன்றாக வந்தது. மருத்துவமனையின் ஜெனரேட்டர் முழு நேரமும் மருத்துவமனையிலேயேதான் இருந்தது. அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிற்பாடு துடுப்புக் கட்சியும் இதே முறைக்கு மாறியது. காலை நிகழ்ச்சி முடிந்ததும் ஊரில் ஆங்காங்கே ஆட்கள் கும்பலாக ஒட்டி நின்று பல் தேய்ப்பதை இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெளியூரிலிருந்து பெண் எடுக்கிறவர்கள் மட்டும் சம்பந்தி வீட்டில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று விசாரித்துக்கொள்கிறார்கள்.

அடுத்த ஆண்டு ஒரு வியாழக்கிழமை, குவாமி டெக்கு கோயில் மரத்தைத் திருடிப் படகு செய்கிறார் என்று வானொலியில் நான்கு முறை சொன்னார்கள். பட்டறையில் பலகையின் ஒரு முனையைப் பிடித்தபடி குவாமி நான்கு விரற்கடை இறங்கினார். அவர் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. எலிகெம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மூன்று கைபேசிகளையும் அணைத்துச் செருப்புக்குள் போட்டார். பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு விரற்கடை இறங்கினார்.

“வானொலிக்குப் பேசலயா?” என்று குவாமி கேட்டார்.

“சாப்பிட்டீங்களாண்ணே?” என்றார் எலிகெம், பலகையின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டு.