பனவிளை ஏற்றத்தில் ஒரு டெஸ்ட் டிரைவ்

புதுக்கடை வட்டாரத்தில் கல்யாணப் பெண்ணுக்கு ஒப்பனை என்றால் முதலில் வருவது அஜிதாவின் பெயர்தான். கணவன் வினோஜுக்கு பஹ்ரைனில் வேலை. வினோஜின் தங்கை சுபிதாவைக் கூட்டிக்கொண்டு, ஸ்கூட்டரின் முன்னும் பின்னும் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு, மழையிலும் வெயிலிலும் கல்யாண வீடுகளுக்கு ஓடியவள் அவள். போன சித்திரையில் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு கார் வாங்கினாள்.

வாங்கிய அன்றே மனசு கொஞ்சம் கசந்துதான் போயிற்று. வெள்ளை நிறம் கேட்டு முன்பணம் கட்டியவளிடம், வெள்ளை வர நாளாகும், சாம்பல் நிறமென்றால் இப்போதே எடுத்துப் போகலாம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லியிருந்த சீட் கவரும் கால்மிதியும் வண்டியில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, அட்டையில் செய்த பெரிய சாவியை ஷோரூம் மேனேஜர் எட்சன் அவளிடம் நீட்டவில்லை. துணைக்கு வந்திருந்த மாமனார் பொன்னுலிங்கத்தின் கையில் கொடுத்துப் படம் பிடித்தார். பொன்னுலிங்கம் பாவம், ஆயுசில் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. சாவியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் முழித்தார்.

அதெல்லாம் போகட்டும் என்று அஜிதா விட்டுவிட்டாள். வண்டி ஆவணி மாதத்தில் வேலையைக் காட்டியது.

அஸ்வதி என்ற பெண்ணுக்குக் கல்யாணம். பெண்ணை அலங்கரித்து, அவளையும் அவள் அம்மாவையும் அத்தையையும் தன் காரிலேயே மண்டபத்துக்குக் கூட்டிப்போனாள் அஜிதா. சுபிதாவும் பெட்டிகளும் உடன். பனவிளை ஏற்றத்தில் பாதி தூரம் ஏறியதும் வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. முன்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சின் அப்படியே அணைந்துபோயிற்று. எத்தனை முறை முடுக்கியும் அசையவில்லை. கடைசியில் பட்டுச்சேலையும் பூவும் நகையுமாக மணப்பெண் நடுரோட்டில் இறங்கி, வழியில் வந்த ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து போனாள். முகூர்த்தத்துக்கு எப்படியோ போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் பந்தியில் அத்தனை பேர் காதுபட அஸ்வதியின் அம்மா சொல்லிவிட்டாள்: "மேக்கப்பு எல்லாம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா இவளுக்க வண்டிய நம்பி ஒருத்தியும் ஏறிராதீங்க."

அடுத்து வந்த இரண்டு கல்யாண வீட்டுக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

அஜிதா வண்டியை சர்வீசுக்கு விட்டாள். அவர்கள் அதைக் கழுவித் துடைத்து, கோளாறு ஒன்றுமில்லை என்று எழுதித் திருப்பித் தந்தார்கள். மறு வாரம் அதே ஏற்றத்தில் நின்றது. மறுபடியும் விட்டாள். மறுபடியும் கழுவினார்கள். வண்டியோ பொல்லாத வண்டி. நின்ற இடத்தில் பத்து நிமிஷம் ஆறவிட்டால் ஒன்றும் தெரியாததுபோல் ஓடும். ஷோரூமுக்குள் நுழையும்போது பூனைக்குட்டி மாதிரி சாதுவாக இருக்கும்.

ஒருநாள் எட்சன் அவளை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

"மேடம், ஏத்தத்துல எந்த கியர்ல போவீங்க? லேடீஸ் ஓட்டும்போ கிளட்ச்சில கால வச்சிட்டே இருப்பாங்க. அதாக்கும் பிரச்சன. நீங்க சாருக்க நம்பர தாங்க, நாங்க அவருகிட்ட பேசிக்கிடுதோம்."

"எந்த சாரு?"

"உங்க ஹஸ்பெண்டு."

"அவருக்கு லைசென்ஸே கெடையாது. வண்டி எனக்க பேருல இருக்கு. என்கிட்ட பேசுங்க" என்றாள் அஜிதா. "பின்ன, நான் சொல்லுதது பொய்யின்னு நெனச்சா என்கூட பனவிளை ஏத்தத்துக்கு ஒருக்கா வாங்க. நீங்களே ஓட்டிப் பாருங்க."

"டெஸ்ட் டிரைவ் பைபாசுல மட்டும்தான் மேடம். கம்பெனி ரூலு."

பைபாஸோ தட்டையாய் நீட்டி நிமிர்ந்து கிடக்கும் ரோடு. வீட்டுக்கு வந்து சேருமுன் ஷோரூமிலிருந்து ஒரு பெண் போனில் அழைத்தாள். "அக்கா, எங்க சர்வீசுக்கு எத்தன மார்க்குன்னு கம்பெனியில இருந்து கேட்டா பத்துக்குப் பத்துன்னு சொல்லிருங்கக்கா. ஒன்பதுன்னு சொன்னாக்கூட எங்களுக்குச் சம்பளத்துல பிடிச்சிருவாங்க." அந்தப் பிள்ளையைத் திட்டவும் அஜிதாவுக்கு மனசு வரவில்லை. கம்பெனிக்கு நேராக மெயில் அனுப்பினாள். உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம் என்று நொடியில் பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

"விட்டுரு பிள்ளே," என்றார் பொன்னுலிங்கம். "யாருக்காவது வித்துட்டு வேற ஒண்ணு வாங்கு. இவனுவகிட்ட நாம சண்ட போட்டு ஆவுமா?"

"வாங்குதவன் புள்ளகுட்டியோட அந்த ஏத்தத்துல நிக்கட்டும்னு சொல்லுதியளா மாமா?"

பொன்னுலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

ஐப்பசியில் ஷோரூமிலிருந்து செய்தி வந்தது. புது மாடல் அறிமுக விழாவாம். சென்னையிலிருந்து கம்பெனியின் பெரிய அதிகாரி ரகுநந்தன் வருகிறாராம். பழைய வாடிக்கையாளர்கள் குடும்பத்தோடு வர வேண்டுமாம். அஜிதா செய்தியை இரண்டு முறை படித்தாள். "ஏட்டி சுபிதா, நல்ல சேலையா ஒண்ணு எடுத்து உடு. நாம ஒரு விசேஷத்துக்குப் போறோம்" என்றாள்.

ஷோரூம் வாசலில் செண்டை மேளம் முழங்கியது. பலூன் தோரணம், குளிர்பானம், பிள்ளைகளுக்குத் தொப்பி. ரகுநந்தன் கோட்டும் டையுமாக, நல்ல குரலில் பேசினார். வாடிக்கையாளர்கள் தங்கள் குடும்பம் என்றார். குடும்பத்தில் யாரும் எதையும் மனம் திறந்து கேட்கலாம் என்றார். கேட்கலாம் என்ற சொல் முடியுமுன் அஜிதா எழுந்துவிட்டாள். 

"சார், எனக்க வண்டியில பத்து நிமிஷம் ஏறி வருவியளா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. எட்சன் ஓடிவந்தார். "மேடம், அத நம்ம பொறவு பேசலாம்..."

"பொறவு பொறவுன்னு ஆவணியில இருந்து நடக்குதேன் சார். ஏத்தத்துல வண்டி நிக்குது. எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு சொல்லுதியோ. சாரு பக்கத்துல இருந்து பாக்கட்டும். எனக்க தப்புன்னா இத்தன பேரு முன்னால மாப்பு கேக்கேன்."

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். நாலைந்து செல்போன்கள் உயர்ந்தன. ரகுநந்தன் அந்தப் போன்களைப் பார்த்தார், அஜிதாவைப் பார்த்தார், சிரித்தார். "போலாம்மா. வாங்க" என்றார்.

ரகுநந்தன் முன்சீட்டில் உட்கார்ந்தார். எட்சனும் சுபிதாவும் பின்னால். வேடிக்கை பார்க்க இரண்டு கார்களும் சில பைக்குகளும் தொடர்ந்தன. பனவிளை ஏற்றம் வந்தது. அஜிதா பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினாள். வண்டி ஒரு முக்கல் முனகல் இல்லாமல், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல், மேலே போய்ச் சேர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா சார்?" என்றார் எட்சன்.

 இத்தனை நாள் மானத்தை வாங்கிய வண்டி, மானத்தைக் காக்க வேண்டிய நாளில் சமர்த்தாகிவிட்டதே என்று அஜிதாவுக்கு அழுகை முட்டியது. ரகுநந்தன் கடிகாரத்தைப் பார்த்தார். "நல்லாத்தானேம்மா ஓடுது? திரும்பிடலாமே" என்றார்.

மறு பேச்சில்லாமல் திருப்பிக்கொண்டு இறங்கினாள். இறங்கும்போது சுபிதா பின்னாலிருந்து முன்னே குனிந்தாள். "மைனி, அண்ணைக்கு நம்ம பெட்டி எல்லாம் இருந்துல்லா? ஆளும் நெறச்சு இருந்தோம். இண்ணைக்கு டிக்கி காலியா கெடக்கு."

அஜிதாவுக்குச் சுரீர் என்றது. அதுதான். நின்ற ஒவ்வொரு தடவையும் வண்டி நிறைய பாரம்.

அடிவாரத்து நிறுத்தத்தில், பலாக்காயை வறுத்து சக்க வத்தல் விற்கும் ஓமனா பஸ்ஸுக்குக் காத்து நின்றாள். பக்கத்தில் இரண்டு சாக்கு நிறையப் பலாக்காய். புதுக்கடைக்குக் கொண்டுபோகிற சரக்கு. அஜிதா வண்டியை ஓரங்கட்டினாள்.

"மாமி, ஏறுங்க. புதுக்கடையில விடுதேன்."

"சாக்கு கெடக்குல்லா மக்கா?"

"அதாக்கும் வேணும். ஏத்துங்க!"

எட்சன் பதறினார். "மேடம், என்ன இது? பெரிய சாரு இருக்காரு..."

"அஞ்சு பேரு தாராளமா இருக்கலாம், டிக்கியில மூட்டையும் வைக்கலாம்னு விக்கும்போ சொன்னது நீங்கதான எட்சன் சார்? கொஞ்சம் அங்ஙன நீங்கி இருங்க."

 ரகுநந்தன் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை, கவனம் இருந்தது. சாக்குகள் டிக்கியில் ஏறின. ஓமனா எட்சனை ஜன்னலோரம் நசுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஏசியைப் போட்டுவிட்டு அஜிதா மறுபடி ஏற்றத்தில் விட்டாள்.

பாதி தூரம். வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சின் அணைந்தது.

அந்த அமைதியைப்போல் இனிமையான ஒன்றை அஜிதா அதுவரை கேட்டதில்லை. கைப்பிரேக்கை இழுத்தாள். பிறகு ரகுநந்தன் பக்கம் திரும்பி, "கிளட்ச்சில கால் இருக்கா சார்? நல்லா பாருங்க" என்றாள்.

ரகுநந்தன் குனிந்து பார்த்தார். கால் இல்லை.

பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்து ஊரைக் கூட்டியது. வேடிக்கைக்கு வந்தவர்கள் இறங்கி ஓடிவந்தார்கள். எட்சன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கல் தேடினார். வண்டியை ஓரத்துக்குத் தள்ள ஆள் போதவில்லை. ரகுநந்தன் கோட்டைக் கழற்றி சுபிதாவிடம் கொடுத்துவிட்டுத் தானும் தோளைக் கொடுத்தார். டை முதுகுப் பக்கம் பறந்தது. ஓமனா தன் சாக்குகளை பஸ்ஸில் ஏற்றச்சொல்லிவிட்டு, "இது புது வண்டியா மக்கா? நான் பழசாக்கும்னு நெனச்சேன்" என்று கேட்டாள். பஸ்ஸில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

ரோட்டோரம் நின்று மூச்சு வாங்கியபடி ரகுநந்தன் எட்சனிடம் கேட்டார். "இவங்க எத்தனை தடவை வந்தாங்க?"

எட்சன் தலை குனிந்தார். "நெறைய தடவ சார்."

"அப்புறம் ஏன் கோளாறு இல்லன்னு எழுதினீங்க?"

"எழுதினா உங்க ஆபீசுல இருந்து திட்டு வரும் சார். குறை எண்ணிக்கை கூடப்பிடாதுன்னு மாசா மாசம் நீங்கதான சொல்லுதியோ?"

இதைச் சொல்ல எட்சனுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ.  ரகுநந்தன் அஜிதாவின் முன்னால் வந்து, போன்கள் படம்பிடித்துக்கொண்டிருக்கவே, கைகூப்பினார்.

"மன்னிச்சிடுங்கம்மா. தப்பு வண்டியில. எங்க மேலயும்."

அஜிதா வரவழைத்துக்கொண்ட வீறாப்பெல்லாம் அந்த நொடியில் கரைந்தது. கண் நிறைந்துவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "பத்து நிமிஷத்துல ஸ்டார்ட் ஆயிரும் சார். ஷோரூமுல கொண்டு விடட்டா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா," என்றார் ரகுநந்தன் அவசரமாக. "நான் பஸ்லயே போய்டறேன்."

எதிரே குழித்துறைக்குப் போகும் பஸ் வந்தது. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பெரிய அதிகாரி ஷோரூம் வாசலில் வந்து இறங்கியபோது, விஷயம் அறியாத செண்டைக்காரர்கள் மறுபடி முழங்கினார்களாம்.

அந்த வாரமே சென்னையிலிருந்து ஆட்கள் வந்து வண்டியைப் பிரித்தார்கள். எரிபொருள் பம்பில் கோளாறு. அதே மாதம் செய்த வண்டிகள் அத்தனையிலும் அதே பம்ப். மாவட்டம் முழுவதும் அந்த வண்டி வாங்கியவர்களை அழைத்து இலவசமாக மாற்றிக்கொடுத்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் அஜிதாவுக்குப் போன் செய்தார்கள். களியக்காவிளையிலிருந்து ஒருவர், தன் மனைவியைப் பிரசவத்துக்குக் கொண்டுபோகும்போது தன் வண்டியும் இப்படித்தான் வழியில் நின்றது என்று சொல்லி, மேலே பேச முடியாமல் வைத்துவிட்டார். அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. அஸ்வதியின் அம்மாவும் பேசினாள். தங்கை மகளின் கல்யாணத்துக்கு அஜிதாதான் வர வேண்டும் என்றாள்.

அஜிதாவுக்குப் பம்ப் மாற்றவில்லை, வண்டியையே மாற்றினார்கள். வெள்ளை வண்டி. அதை எட்சனே வீட்டுக்கு ஓட்டிவந்தார். பொன்னுலிங்கம் முற்றத்தில் நின்றவர், எட்சன் இறங்குமுன்பே சத்தமாகச் சொன்னார்: "சாவி அவ கையில. போட்டோ வேண்டாம்."

எட்சன் சாவியை அஜிதாவின் கையில் கொடுத்தார். "மேடம், இப்ப ஆரு கம்ப்ளெயிண்டு சொன்னாலும் அவங்க வீட்டு ரோட்டுலயே ஓட்டிப் பாக்கோம்" என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அஜிதா அவருக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னாள்.

அடுத்த நாள் முட்டத்தில் ஒரு கல்யாணம். விடிந்தும் விடியாமலும் இருவரும் புறப்பட்டார்கள். பின்சீட்டு நிறையப் பெட்டிகள். கண்ணாடியை இறக்கிவிட்டு சுபிதா ரேடியோவோடு சேர்ந்து வாய்க்கு வந்தபடி பாடிக்கொண்டு வந்தாள். அஜிதா தாளம் தட்டினாள். முட்டம் நெருங்கியதும் கலங்கரை விளக்கம் தெரிந்தது, பிறகு பாறைகள், பிறகு வெயில் பட்டுத் தகதகக்கும் கடல். மணப்பெண்ணின் வீட்டு வாசலில் பிள்ளைகள் ஓடிவந்து, "மேக்கப்பு அக்கா வந்தாச்சு!" என்று கத்தினார்கள். அஜிதா வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, தலை நிமிர்ந்து இறங்கினாள்.