நல்லவன் பேரில் ஒரு வீடு

கூடத்தின் நடுவில் தம்பி நெஸ்டரின் சவப்பெட்டி. அதற்குக் கொஞ்சம் தள்ளி மேசை போட்டுச் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களுக்கு எர்லிண்டா காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். பிலிப்பைன்ஸின் இலோய்லோ ஊரில் அடக்கம் முடியும்வரை சாவு வீட்டில் விளக்கும் அணையாது, சீட்டாட்டமும் ஓயாது. அன்று காலைதான் அவள் ஹாங்காங்கிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். இரவெல்லாம் தூங்காமல் முகம் வீங்கிப்போயிருந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் புறப்பட்டார். கூடவே வாசல்வரை போகக் கிளம்பிய எர்லிண்டா சட்டென்று நின்றாள். சாவு வீட்டுக்காரர்கள் யாரையும் வழியனுப்பக் கூடாது. அனுப்பினால் சாவும் கூடவே போகும் என்பார்கள்.

நெஸ்டரின் மாமியார் பசிட்டா நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னாள். "நீ போய் விட்டுட்டு வாம்மா, ஒண்ணும் ஆகாது. வீட்டுக்காரங்கதான் போகக் கூடாது. நீ வந்து போற ஆளுதானே?"

சீட்டாடியவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். எர்லிண்டாவுக்குச் சுருக்கென்றது. அடுப்படிக்குப் போய்த் தம்பி மனைவி ஜோவெலினைப் பிடித்தாள்.

"உங்கம்மா என்ன சொல்றாங்க? இது யார் வீடு?"

ஜோவெலின் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அவரு பேர்ல இருந்த வீடுக்கா. கடன் வாங்கினவரு இறந்துட்டா மிச்சக் கடன இன்சூரன்ஸ்காரங்க கட்டிடுவாங்களாம். பேங்குல சொல்லிட்டாங்க. வீடு எனக்கும் பிள்ளைங்களுக்கும் வருமாம்."

"மாசாமாசம் தவணை அனுப்பினது நான்டீ!"

"தெரியும்க்கா. அவரு சொல்லியிருக்காரு. ஆனா பேங்குல அத யாரு கேக்கிறாங்க?"

ஹாங்காங்கில் வீட்டு வேலை பார்த்து, அடுத்தவர் பிள்ளையைக் குளிப்பாட்டி, அடுத்தவர் அம்மாவுக்குச் சோறூட்டிச் சேர்த்த பணம் அது. வீட்டுக் கடன் கேட்டபோது ஊர் வங்கிக்காரர்கள் இவளை லேசில் நம்பவில்லை. வேலை ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்குத்தானே என்றார்கள். உள்ளூரில் கையெழுத்துப் போட ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடு, அதில் தூதரக முத்திரை வாங்கு என்றார்கள். வாரத்தில் கிடைப்பது ஞாயிறு ஒருநாள் லீவு. அதையும் வரிசையில் நின்றே தொலைத்தாள். ஒருமுறை முத்திரை வாங்கி அனுப்பினாள். பெயரில் ஓர் எழுத்து தப்பு என்று திருப்பிவிட்டார்கள்.

அப்போதுதான் நெஸ்டர் போனில் சொன்னான். "ஏன்க்கா இந்த அலைச்சல்? எனக்கு நகராட்சியில நிரந்தர வேலை. என் பேர்ல போட்டா உடனே கடன் கொடுத்துடுவாங்க. நீ திரும்பி வந்ததும் மாத்திக்கலாம்."

"சரிடா. உன் பேர்ல இருந்தா என்ன, என் பேர்ல இருந்தா என்ன," என்று சிரித்தாள் இவள். கூடப் பிறந்தவனிடம் எழுதிக் கொடு என்று கேட்பதா? வெட்கம். அந்த வெட்கத்தில்தான் வீடு போயிற்று.

நெஸ்டர் ஏமாற்றுக்காரன் இல்லை. மாடியில் ஓர் அறையைப் பூட்டியே வைத்திருந்தான். பிள்ளைகள் உள்ளே போனால், "பெரியத்தை ரூம்டா, வெளிய வாங்க," என்று விரட்டுவான். பாவி, நாற்பது வயதில் மாரடைப்பு வரும் என்று அவன் கண்டானா? செத்தவன்மேல் கோபப்படவும் முடியாமல், முழுசாக அழவும் முடியாமல் தவித்தாள் எர்லிண்டா.

அடக்கம் முடிந்தது. அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது ஜோவெலின் வந்து நின்றாள். பின்னாலேயே பசிட்டாவும் வந்தாள்.

"அக்கா, அவரு சம்பளம் நின்னுபோச்சு. வீட்ட வச்சு சோறு திங்க முடியாது. ஹாங்காங்ல எனக்கும் ஒரு வேலை பாத்துக் கொடுப்பீங்களா?"

எந்த முகத்தோடு கேட்கிறாள் என்று எர்லிண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜோவெலினின் பாவாடையை இறுக்கிப் பிடித்தபடி அவளுடைய கடைசிப் பெண் நின்றாள். மூக்கும் முழியும் அப்படியே நெஸ்டர். எர்லிண்டாவால் திட்ட முடியவில்லை.

"கேட்டுப் பாக்கறேன். வீடு?"

பசிட்டா முந்திக்கொண்டாள். "அத என் பேர்ல மாத்திடலாம்னு இருக்கோம். நான்தானே இங்க இருக்கப்போறேன்? அவ அங்கேருந்து முத்திரை, கையெழுத்துன்னு எதுக்கு அலையணும்? பெத்த தாய்கிட்ட என்ன பயம்?"

எர்லிண்டா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டால் போதும். தனக்கு நடந்தது இவளுக்கும் நடக்கும். அந்த நினைப்பு வந்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஜோவெலினை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"வேணாம்டீ. உன் பேர்லயும் பிள்ளைங்க பேர்லயும் எழுதி வாங்கு. அதுக்கப்புறம் பிளேன் ஏறு. உங்கம்மா நல்லவங்கதான். என் தம்பியும் நல்லவன்தான். கெட்டவனுக்குப் பயந்து மட்டும் எழுதி வைக்கறதில்ல, ஜோவெலின். நல்லவங்களும் செத்துப்போவாங்க. அதுக்காகத்தான் எழுதி வைக்கிறது."

சொல்லி முடித்ததும், ஊருக்கு வந்ததிலிருந்து வராமல் நின்றிருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் அழுதது வீட்டுக்காக இல்லை. தம்பிக்காக.