நீலக் குழாய்க்கு அடியில்

நாற்காலி போட இடமில்லை, வண்டியைக் கொஞ்சம் நகர்த்து என்று தாய்மாமா சாவியைக் கையில் திணித்தார். அவன் டிரைவர் சீட்டில் உட்காரப் போய் அப்படியே மல்லாந்துவிட்டான். சீட் முழுவதும் பின்னால் சாய்ந்திருந்தது. நேற்று மதியம் அண்ணன் அதில்தான் படுத்திருந்தான். ஏதோ ஓர் அலுவலகத்தின் வெட்டவெளியில் வண்டியை நிறுத்திவிட்டு, சவாரி வந்தவர் வேலையை முடித்துக்கொண்டு வரட்டும் என்று காத்திருந்தான். அவர் வந்து கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டவர், டாக்சி ஸ்டாண்டில் அண்ணனோடு பதினெட்டு வருஷம் இருந்த மீசைக்காரர். சீட்டை நிமிர்த்த மனசு வரவில்லையாம். ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே இவ்வளவு தூரம் ஓட்டி வந்திருக்கிறார். அவனுக்கு அந்த மாதிரி ஒன்றும் தோன்றவில்லை. லீவரை இழுத்தான். சீட் எழும்பி முதுகில் அடித்தது.

மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ரொம்ப நாளாகவே இருந்திருக்கும், எப்போது வேண்டுமானாலும் வந்திருக்கும் என்றும் சொன்னார். காலையில் பிணவறைக்கு வெளியே நின்றபோதுகூட அவன் அழவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் நின்று நின்று ஓடுவதைக் காது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. கார் ஏசி மெக்கானிக்கின் புத்தி வேறு எங்கே போகும்? பேட்டையில் அவனுக்குப் பெயரே கூலிங்தான்.

மீசைக்காரர் நேற்று வண்டியைக் கொண்டுவந்து விட்டபோது சொன்னதுதான் உள்ளே கிடந்து உறுத்தியது.

“கண்ணாடி நாலையும் இறக்கி விட்டிருந்தான், கூலிங். சட்டையப் புழிஞ்சா தண்ணி கொட்டும், அப்பிடி நனைஞ்சிருந்துச்சு.”

மாரடைப்பு வந்தாலும் வேர்த்துக் கொட்டும். சவாரிக்குக் காத்திருக்கிற எந்த டிரைவரும் பெட்ரோலை மிச்சம் பிடிக்க ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குவான். இரண்டும் உண்மைதான். நேற்று சாயங்காலத்திலிருந்து இந்த இரண்டையும் மாற்றி மாற்றித் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இன்ஜினைக் கிளப்பி ஏசி பட்டனை அழுத்தினான். சூடான காற்று வந்தது. வெயிலில் நின்ற வண்டி முதலில் அப்படித்தான் ஊதும். ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தான். மாறவில்லை.

வண்டியைத் தெருவோரம் விடாமல் திருப்பினான். எங்கேடா என்று மாமா பின்னாலேயே வந்தார். மயானத்துக்கு அண்ணி இதில்தானே வர வேண்டும், ஏசியைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றான். பொய் இல்லை, ஆனால் சாக்குதான். நாலரைக்கு உடல் வந்துவிடும், அதற்குள் வந்து சேர் என்றார் மாமா.

பட்டறை மூன்று தெரு தள்ளி இருந்தது. ஷட்டரைப் பாதி தூக்கி வண்டியை உள்ளே விட்டான். இந்தக் கோடையில் அண்ணன் ஐந்து முறை இதே இடத்தில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். ஊரார் வண்டி என்றால் இவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒழுக்கைத் தேடுவான். வீட்டு வண்டிதானே, எங்கே போகப்போகிறது? ஐந்து முறையும், இரண்டு வாடிக்கையாளர்களுக்கு நடுவில், ஏசி கேஸை மட்டும் ஏற்றி அனுப்பிவிட்டான். கடைசியாக வந்தது ஒன்பது நாளைக்கு முன்னால். கேஸ் எங்கே போகுதுன்னு ஒருதடவ பாத்துடேண்டா என்று அண்ணன் கேட்டான். ஒரு நாள் முழுக்க வண்டியை விட்டுப் போ, பார்த்துவிடலாம் என்று இவன் சொன்னான். ஒரு நாள் வண்டி நின்றால் டாக்சிக்காரன் வீட்டில் என்ன ஆகும் என்று இவனுக்குத் தெரியாதா?

கேஸ் அழுத்தம் காட்டும் கேஜைக் கையில் எடுத்தபோது பயமாக இருந்தது. நேற்றிலிருந்து மரத்துப்போய்க் கிடந்தவனுக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். அதன் நீலக் குழாயை ஏசி பைப்பின் ஒரு வாயிலும் சிவப்புக் குழாயை இன்னொரு வாயிலும் மாட்டினான். இரண்டு முள்ளும் பூஜ்யத்தைவிட்டு அசையவில்லை. உள்ளே துளி கேஸ் இல்லை.

கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது. பதிலும் வந்துவிட்டது. ஆனால் கை நிற்கவில்லை. நைட்ரஜன் சிலிண்டரை இழுத்துவந்து குழாய் வழியே காற்றழுத்தம் ஏற்றினான். பக்கெட்டில் சோப்பு நுரை கலக்கி, பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பாகத் தடவினான். முன்னாலிருக்கும் கண்டென்சரில் குமிழ் இல்லை. கம்ப்ரசரில் இல்லை. பைப் வளைவுகளில் இல்லை. டேஷ்போர்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டுமோ என்று கேஜைத் திரும்பிப் பார்த்தான். முக்கால் மணி நேரம் ஆகியும் முள் ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. ஒழுக்கே இல்லாத வண்டி ஒன்பது நாளில் எப்படிக் காலியாகும்?

நீலக் குழாயைக் கழற்றினான். குழாய் மாட்டியிருந்த வாயில் சும்மா ஒரு சொட்டு நுரையை வைத்தான். பட்டாணி அளவுக்கு ஒரு குமிழ் எழும்பி உடைந்தது. அடுத்தது எழும்பியது.

டயருக்குக் காற்றடிக்கிற வாயில் இருப்பது போலவே அதிலும் ஒரு சின்ன வால்வு இருக்கும். அது தேய்ந்திருந்தது. குழாய் மாட்டியிருக்கிற வரைக்கும் குழாயே அடைப்பாக நின்றுவிடும். கழற்றிய பிறகுதான் ஒழுகும். ஐந்து முறையும் அவன் குழாயை மாட்டி, முள் ஆடாமல் நிற்கிறது என்று திருப்திப்பட்டு, கழற்றி அனுப்பியிருக்கிறான். அந்த வாய்க்கு மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்க வேண்டும். அதுவாவது கொஞ்சம் தாங்கியிருக்கும். முதல் முறை அதைத் திருகி எடுத்துச் சட்டைப் பையில் போட்டவன் இவன்தான். பிறகு தேடவில்லை.

புது வால்வு போட இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அதன்பின் பம்ப்பை ஓடவிட்டு உள்ளேயிருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்தான். எடை பார்த்துக் கேஸ் ஏற்றினான். மூடியும் போட்டான். ஒரு புது வாடிக்கையாளருக்குச் செய்வதுபோல எல்லாவற்றையும் முறையாகச் செய்தான். வீட்டுக்குத் திரும்பும்போது வண்டிக்குள் பல் கூசுகிற மாதிரி குளிர் இருந்தது.

வீட்டுக்கு எதிரே நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். உடல் இன்னும் வரவில்லை. நாற்காலிகளில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணி வந்து, கதவைத் திறந்து, பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டாள். உள்ளே ஆளாளுக்குக் கட்டிப்பிடிக்கிறார்கள், மூச்சு முட்டுகிறது என்றாள். கதவைச் சாத்தியதும் வெளிச் சத்தம் அடங்கியது. அவள் காற்று வரும் இடத்தில் கையை வைத்துப் பார்த்தாள்.

“நல்லாத்தானே இருக்கு” என்றாள்.

“நேத்து ரெண்டு மணிக்குப் பேசினார். இந்த வெயில்ல ஏன் வெளியில கெடக்கறீங்க, வந்து சாப்டுட்டுப் போங்கன்னேன். ஏசியப் போட்டு ஜில்லுனு படுத்திருக்கேன், தம்பி நல்லா பண்ணிக் குடுத்துட்டான்னார். இந்த மீசக்காரரு கண்ணாடி தெறந்திருந்துச்சு, சட்ட நனைஞ்சிருந்துச்சுன்னு என்னமோ சொல்றாரு.” கையை எடுக்காமலே அவன் பக்கம் திரும்பினாள். “ஓடிச்சு தானே தம்பி?”

ஊருக்கெல்லாம் செய்கிறானே, நமக்குச் செய்ய மாட்டானா என்று அண்ணி புலம்புவது அவனுக்குத் தெரியும். தம்பியை விட்டுக்கொடுக்காமல் அண்ணன் மழுப்புவதும் தெரியும். கடைசி வரைக்கும் மழுப்பியிருக்கிறான். இப்போது இவன் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாட்சிக்கு அவள் விரல்களிலேயே குளிர் இருக்கிறது.

“இல்ல அண்ணி. காலியா கெடந்துச்சு. என் தப்புதான். இப்பத்தான் சரி பண்ணேன்.”

அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. காற்றில் வைத்திருந்த கை மட்டும் மெல்லக் கீழே இறங்கியது. விரலால் தேடி, ஏசி பட்டனை அழுத்தி அணைத்தாள்.

இறங்கிப் போய்விடுவாள் என்று நினைத்தான். போகவில்லை. கொஞ்ச நேரத்தில் வண்டி கொதிக்க ஆரம்பித்தது. அவள் நெற்றியிலிருந்து வேர்வை இறங்கிக் கன்னத்துக்கு வந்தது. அவனுக்கும் சட்டை முதுகோடு ஒட்டியது. இரண்டு பேரும் கதவைத் திறக்கவில்லை. தெருமுனையில் ஆம்புலன்ஸ் திரும்பி, நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகர்ந்து வழிவிடும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.