அணைகிறது, காத்திருக்கவும்

ஆயுத பூஜையன்று எங்கள் ஸ்டுடியோவில் எல்லா மெஷினையும் அணைத்துப் பொட்டு வைத்துவிட்டால், மறுநாள் காலை வரை தொடக்கூடாது. பழங்காநத்தத்தில் பாதிக் கடைகளுக்கு இதுதான் சட்டம். ஓனர் சிவக்குமார் அண்ணனுக்கோ அது சட்டத்துக்கும் மேலே.

அன்று மாலை என் கையில் இருந்தது எழுமலை ஊர்ப் பாண்டிமீனாவின் கல்யாண வீடியோ. கல்யாணம் முடிந்த கையோடு அவள் அப்பா வீரணன் மாரடைப்பில் போய்விட்டார். செல்போனைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதராம். அவர் சிரித்துப் பேசி நடமாடும் படம் இது ஒன்றுதான். மெமரி கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றினேன். 'முடிந்தது' என்றது திரை. கேமராமேன் ராம்கி அங்கேயே கார்டை அழித்துக்கொண்டு, உசிலம்பட்டிப் பக்கம் திருவிழா எடுக்கக் கிளம்பிவிட்டான்.

பூஜைக்காகக் கம்ப்யூட்டரை அணைத்தேன். 'அணைகிறது' என்று வந்து ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. எதற்காக நிற்கிறது, இன்னும் எவ்வளவு பாக்கி, ஒரு எண்ணும் இல்லை. சனியன் பிடித்த வட்டம். பெட்டிக்குள் மட்டும் கரகரவென்று ஏதோ ஓடியது. 'முடிந்தது' என்று திரை சொன்ன பிறகும், சில சமயம் உள்ளே வட்டில் எழுதி முடிந்திருக்காது.

"தாமரை, நல்ல நேரம் முடியப்போகுது. என்னம்மா பண்ணுது அது?" என்றார் அண்ணன்.

"உள்ள என்னமோ ஓடுதுண்ணே. கொஞ்சம் பொறுங்க."

"எம்புட்டு நேரம்?"

அண்ணன் சூடத்தட்டைக் கீழே வைத்துவிட்டு பிளக்கைப் பிடுங்கினார். கரகரப்பு நின்றது. சந்தனம் வைத்தோம், பூசணிக்காய் உடைத்தோம். ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன் என்று கெஞ்சினேன். பொட்டு வைத்தாயிற்று, காலையில்தான் என்று கடையைப் பூட்டிவிட்டார். இரவு முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை.

காலையில் முதல் ஆளாகப் பாண்டிமீனா வந்து நின்றாள். சுவிட்சைப் போட்டேன். 'வட்டு சரிசெய்யப்படுகிறது' என்று சொல்லி, இப்போது எண்கள் வந்தன. நேற்றுக் கேட்டபோது தராத எண்கள்.

"ஏறுதுக்கா!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குச் சந்தோஷம். எனக்கோ அது பழுதுபார்க்கிற கணக்கு.

நூறு வந்தது. ஃபைல் பெயர் அப்படியே இருந்தது. திறந்தேன். கறுப்பு. மறுபடியும் திறந்தேன். கறுப்புதான். ராம்கிக்குப் போன் போட்டேன். அந்தக் கார்டு நிறைய சாமி ஊர்வலம் எடுத்துவிட்டதாகச் சொன்னான்.

பாண்டிமீனா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அப்பா மெதுவாத்தான் பேசுவாரு. சவுண்டைக் கூட்டிப் பாருங்கக்கா."