இளவழகன் நனைந்த மழை

விருத்தாசலத்தில் சுபாஷினி வீட்டு வாசலில் நிற்கும் பழைய மெட்டடார் வேனுக்குள், அவள் கணவன் இளவழகன் எந்த ஊரில் நனைகிறானோ அந்த ஊர் மழை ஒழுகிவந்தது. முதல் சொட்டு கத்திரி வெயிலில் விழுந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, வேனின் பின்கதவுக் கண்ணாடிக்கு ரப்பர் பீடிங் வாங்கி வருகிறேன் என்று வேப்பூருக்கு பஸ் ஏறியவன் திரும்பி வரவில்லை. வீட்டில் சண்டை நடந்ததில்லை, வெளியில் கடனும் கிடையாது. போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள், பஸ் நிலையங்களில் படம் ஒட்டினார்கள், குறி கேட்டார்கள். வேன் மட்டும் நின்றது. ஒரு காலத்தில் கண் சிகிச்சை முகாம்களுக்கு ஓடிய வண்டி அது. இளவழகன் அதை ஏலத்தில் எடுத்து, சீட்டுகளைக் கழற்றிவிட்டு மடக்குக் கட்டிலும் ஒற்றை அடுப்பும் தண்ணீர் டேங்கும் வைத்து ஒரு சின்ன வீடாக்கியிருந்தான். இருவரும் வெலிங்டன் ஏரிக்கரையிலும் பிச்சாவரத்திலும் அதற்குள்ளேயே சமைத்துத் தூங்கியிருக்கிறார்கள். ஓட்டவும் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தான்.

பழைய வேனில் ஒழுகலைக் கண்டுபிடிப்பது லேசான காரியமல்ல. தண்ணீர் நுழையும் இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறு. கூரைத் தகட்டின் மடிப்பில் புகுந்த நீர், உள்ளே வளைந்திருக்கும் இரும்பு விலாவைப் பிடித்துக்கொண்டே நகர்ந்து, ஏதாவது ஒரு திருகாணி முனை கிடைத்ததும் கீழே இறங்கும். அதனால் மெக்கானிக் மதிவாணன் சுபாஷினியை உள்ளே உட்காரவைத்துவிட்டு, கூரைமேல் ஏறி ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட்டான். உள்ளே ஒரு சொட்டுகூட வரவில்லை. குழாயை மூடிவிட்டு அவன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கட்டில் தொப்பலாக நனைந்தது. அப்போதுதான் தெருவிலிருக்கும் லாரி டிரைவர் சக்கரபாணி மங்களூரிலிருந்து போன் செய்தார். இங்கே மழை கொட்டுகிறது, உன் வீட்டுக்காரர் எதிர்ச்சாரியில் நனைந்துகொண்டே போகிறார் என்றார். அவர் லாரியை ஓரங்கட்டி இறங்குவதற்குள் இளவழகன் கூட்டத்தில் மறைந்துவிட்டான். கட்டிலில் சொட்டுவதும் நின்றது.

அதற்குப் பிறகு தெருவில் யாரும் வியக்கவில்லை. பால் ஊற்ற வருகிறவர் இன்றைக்கு மழையா என்று கேட்டுவிட்டுப் போவார். இளவழகனின் அக்கா ராஜாம்பாள் சாயங்காலம் வந்து கட்டிலைத் தொட்டுப் பார்ப்பாள். ஈரமாக இருந்தால் தலை துவட்டுவதுபோல் துணியால் ஒற்றிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். சுபாஷினிக்கும் இதுதான் கணக்கு: சொட்டினால் அவன் இருக்கிறான்.

வருஷங்கள் போயின. ஈரம் கட்டிலுக்கு அடியில் தரைத்தகட்டைத் தின்றது. ஓடத் தகுதி என்று சான்று தரும் எஃப்.சி.க்கு வண்டியைக் காட்டப் போனபோது அதிகாரி கட்டைவிரலால் அழுத்த, தரை பிஸ்கட்போல் உள்ளே போனது. தகட்டை மாற்றி, ஒழுகலை அடைத்துக் கொண்டுவந்தால்தான் எஃப்.சி., இல்லாவிட்டால் வண்டி பழைய இரும்புக்குத்தான் போகும் என்றார். மதிவாணன் புதுத் தகடு பற்றவைத்தான். வண்டிகளுக்கென்று ரப்பர்போல் நெகிழும் பசை இருக்கிறது, கடலூரிலிருந்து வாங்கி வருகிறேன் என்றான். சுபாஷினி காத்திருக்கவில்லை. அவள் பீங்கான் பியூஸ் கட்டை செய்யும் யூனிட்டில் மெருகு பூசுகிறவள். பீங்கான் மண் தூளை ரெசினில் குழைத்து, சொட்டும் மடிப்பில் அப்பி, யூனிட்டில் செய்வதுபோலவே ஈரப் பஞ்சால் வழித்து வழவழப்பாக்கினாள். கல்லாக இறுகியது. திரும்பி வந்த மதிவாணன் அதை நகத்தால் தட்டிப் பார்த்தான்.

“மண்ணு ஆடாதுக்கா. வண்டி ஆடும்” என்றான்.

எஃப்.சி. கிடைத்தது. வண்டியை வாசலில் நிறுத்தினாள். ஐப்பசி வந்தது, கார்த்திகை வந்தது. ஊரெல்லாம் கொட்டித் தீர்த்தது. கட்டில் காய்ந்தே கிடந்தது. அடைப்பு நன்றாகப் பிடித்திருக்கிறதா, நனைவதற்கு ஆளே இல்லையா? இந்த இரண்டில் எது என்று சொல்ல யாராலும் முடியவில்லை. ராஜாம்பாள் ஒருநாள், “அத்தப் பேத்துதான் பாத்துடேன், சுபா” என்றாள்.

“பேத்த பின்னாடியும் காஞ்சே கெடந்தா என்னா பண்றதுங்க அண்ணி?”

ராஜாம்பாள் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் நின்ற வண்டி நின்றபடியே இருப்பதில்லை. பேட்டரி தானாக இறங்கும். ஒரே பக்கம் பாரம் தாங்கிய டயர் அங்கே தட்டையாகும். பிரேக் டிரம்மில் துரு கட்டிச் சக்கரம் ஒட்டிக்கொள்ளும். எலி ஒயரைக் கடிக்கும். தை மாதத்துக்குள் இவ்வளவும் நடந்தன. மதிவாணன் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

“நிக்க வெச்சா வண்டி செத்துடும்க்கா. ஓட்டுனா ஒங்க அடைப்பு வெடிச்சிடும். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சுபாஷினி சாவியை எடுத்தாள். ராஜாம்பாள் கூப்பிடாமலே வந்து பின்னால் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். பெண்ணாடம் சாலையில் கரும்பு டிராக்டர்கள் பள்ளம் பறித்திருந்தன. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி எதிர்மூலைச் சக்கரம் மேட்டில் ஏறும்போது, வேனின் உடம்பு துணி பிழிவதுபோல் லேசாக முறுகும். அப்படி ஒரு முறுக்கில், ஆறுவதற்குள் சூளைக் கதவைத் திறந்தால் மெருகு விரியுமே, அந்தச் சத்தம் கேட்டது. டிக். சுபாஷினி திரும்பிப் பார்க்கவில்லை. பெண்ணாடம் தாண்டியது. திட்டக்குடி வந்தது. இருவரும் இறங்கி டீ குடித்தார்கள். ராஜாம்பாளின் கை விரிசலுக்கு நேரே நீட்டி நீட்டியே மரத்துப்போயிருந்தது. திரும்பும் வழியில், வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் அவள் சொன்னாள்.

“நிறுத்து.”

சுபாஷினி வண்டியை ஓரம் கட்டிப் பின்னால் போனாள். ராஜாம்பாளின் உள்ளங்கையில் ஒரு சொட்டு இருந்தது. இரண்டாவது சொட்டு சுபாஷினியின் மணிக்கட்டில் விழுந்தது. வெளியே சுள்ளென்ற வெயில். சொட்டு ஐஸ்போல் இருந்தது.

“குளுருற ஊரு” என்றாள் சுபாஷினி. “சுவெட்டரு எதனா வெச்சிருப்பாருங்களா அண்ணி?”

“அவனா? போத்துன போர்வையவே ஒதச்சித் தள்றவன்” என்று சொல்லிவிட்டு ராஜாம்பாள் அழுதாள்.

மறுவாரம் மதிவாணன் புதுத் தகட்டில் ஒரு துளை போட்டு, விரிசலிலிருந்து குழாய் இறக்கி, அந்த மழை தரையைத் தொடாமல் வெளியே போகும்படி செய்துகொடுத்தான். வேன் வந்து நிற்கும் இடத்தில், குழாய்க்கு நேரே ராஜாம்பாள் கனகாம்பரச் செடி நட்டு வைத்திருக்கிறாள்.